முப்பத்தஞ்சு குதிரை!

ஆபீஸில் என் பக்கத்து ஸீட் நண்பனுக்கு ஒரு வியாதி. ஃபைலைத் திறந்தால் தூங்கிவிடுவான். எவன் காரின் பானெட்டையாவது திறந்தால் விழித்துக்கொள்வான். சொந்த ஊர் ஆலங்காயம், ஜவ்வாது மலை அடிவாரம். அங்கே தன் வீட்டுப் பின்கட்டில், புளி மூட்டைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று கேண்டீனில் ஒருநாள் சொன்னான். மாசக் கடைசியில் எல்லோரும் விடுகிற கதைதானே என்று நான் இன்னொரு வடை சொன்னேன்.

போய்ப் பார்த்தால், நிஜமாகவே நின்றது!

தார்பாலினை இழுத்ததும் இரண்டு எலி, ஒரு கோழி, அப்புறம் கார். சிவப்பு ஃபைபர் பாடி. இரண்டே ஸீட். கதவு கிடையாது, தாண்டித்தான் குதிக்க வேண்டும்.

"அப்பா செஞ்சது மாப்ளே. 1966 ஹெரால்ட். பாடியைக் கழட்டிப் போட்டுட்டு அவரே அச்சு எடுத்து ஃபைபர்ல ஊத்தினாரு."

அவன் அப்பா மெட்ராஸில் வேலை பார்த்தவர். வருஷா வருஷம் சோழவரத்துக்கு ஓடிவிடுவாராம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார் ரேஸ் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வருகிறவரை, சோழவரம் புழுதியை முழுங்காத மெட்ராஸ் வாலிபன் வாலிபனே இல்லை.

"எல்லாம் சரி, என் ரெண்டு வளையல் அந்த வண்டிக்குள்ளதான் இருக்குது தம்பி" என்றார் அவன் அம்மா, காபியை வைத்தபடி. "ஒருநாள் கூட நான் அதுல ஏறினதில்ல." அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவின் கோபம் மட்டும் புத்தம் புதுசு.

ஹெரால்டை ஏன் பிடித்தார் என்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முழுக் காராக வாங்கினால் வரி. உதிரி பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. வரி மிச்சமென்றால் வெள்ளைக்காரனும் எத்தனை நட்டு வேண்டுமானாலும் முடுக்குவான். இதுதான் 'கிட் கார்'. 1957-ல் கோலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் பாதிக்கு மேல் இப்படி வீட்டு ஷெட்டுகளில் பிறந்ததுதான். பூட்டுகிற விதத்தை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதால், 'பிரிப்பது எப்படி' என்று ஒரு தாள் கொடுத்து, கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-ல் வாட் வரி வந்ததும் இந்தச் சலுகை போச்சு.

கிட் கார் ஆசாமிகளுக்கு ட்ரையம்ஃப் ஹெரால்ட் அல்வா மாதிரி. 1959-ல் வந்தது. வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் மைக்கலோட்டி. அப்போது வந்த பல புதுக் கார்களில் பாடியே எலும்பு, பாடியே தோல். ஹெரால்டில் சேஸிஸ் தனி. பாடியைத் தூக்கி ஓரமாக வைத்தாலும் எலும்புக்கூடு எஞ்சினோடும் சக்கரத்தோடும் நிற்கும், ஓடும். அதன் மேல் எந்தச் சட்டையும் மாட்டலாம். ட்ரையம்ஃப் கம்பெனியே அதைக் குறுக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியது. நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து ஹெரால்ட் செய்தது. இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு மாடல் கூட நாம் போட்டோம். (டாக்டர், வக்கீல், ரிட்டயர்டு தாசில்தார் எல்லோரும் வைத்திருந்த அந்தச் சாதுவான வண்டிக்குள் ஒரு ரேஸ்காரன் ஒளிந்திருந்தான் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.)

எஞ்சின் 948 ஸி.ஸி. புதுசில் சுமார் 35 குதிரை. இப்போது எல்லாக் குதிரையும் செத்து, பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"எஞ்சினையே மாத்திடுவோம்" என்றான் நண்பன்.

இது நம் ஊருக்குப் புதுசில்லை. அம்பாஸடரில் மெட்டடார் டீசல் எஞ்சினைத் திணித்து டாக்ஸி ஓட்டியவர்கள் எத்தனை பேர்! ஆம்னி எஞ்சின் யோசித்தோம். அதுவும் முப்பத்து சொச்சம் குதிரைதான். பாம்பை விரட்டிவிட்டு ஓணானை வேட்டியில் விட்ட கதை. கடைசியில் ஜிப்ஸி எஞ்சின். 1,298 ஸி.ஸி., 60 குதிரை. அலுமினியக் கட்டை என்பதால் பழைய வார்ப்பிரும்பை விட லேசு. மாருதியின் பல கார்களில் போல் குறுக்கே இல்லாமல் நீளவாக்கில் உட்காரும். இன்னொரு சௌகரியமும் உண்டு. ஜிப்ஸியில் நாலு சக்கரத்துக்கும் பவர் பிரிக்கிற பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து நேராகப் பின்னால் ஒரு ஷாஃப்ட் போட்டுவிடலாம்.

ஊரில் ஜீப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கிடைத்தார். மௌன்டிங் வெட்டி வெல்ட் செய்ய நாலு வாரம். புரொப்பல்லர் ஷாஃப்டை லேத் பட்டறையில் நீளம் குறைத்து பேலன்ஸ் பார்க்க இரண்டு வாரம். ரேடியேட்டர், சைலன்ஸர், ஸ்பீடாமீட்டர் கேபிள்... சனிக்கிழமை தவறாமல் ரயிலேறினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை டார்ச் பிடிப்பது. அதையும் தப்பாகப் பிடிக்கிறேன் என்றார் அண்ணன். நண்பன் பி.எஃப். லோன் போட்டான். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு விடியற்காலை, ஸ்டார்ட்! மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். நாங்கள் பகலிலேயே பார்த்தோம். ஏறும்போது சொர்க்கம்தான். காற்று, சாமைக் கொல்லை, பலா மரம், கண்ணில் நீர். அரசு பஸ்ஸை ஓவர்டேக் செய்து டாட்டா காட்டினோம்.

இறங்கும்போதுதான் வந்தது. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மூன்றாவது வளைவிலேயே கருகல் வாசனை. ஐந்தாவதில் வேகம் அதிகம் என்று தோன்றி, நண்பன் வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து படக்கென்று காலை எடுத்தான். பின்பக்கம் யாரோ தூக்கிவிட்டது போல எழும்பியது. மலை வலதிலிருந்து இடதுக்குப் போனது. பள்ளம் எதிரே வந்தது, நகர்ந்தது. வண்டி அரைச்சுற்று சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்.

பலாப்பழம் ஏற்றி வந்த ஜீப் டிரைவர் நிறுத்தினார். "இன்னா சார், மேல போறதா கீழ போறதா? ஒரு முடிவுக்கு வாங்க."

சிரிக்கத்தான் முயற்சி செய்தோம். நண்பனால் சாவியைத் திருப்பமுடியவில்லை. கை அப்படி ஆடியது.

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலில் மட்டும் கீல் போட்ட மாதிரி தொங்குபவை. வளைவில் பளு திடீரென்று முன்னால் சாய்ந்தால், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் காலை மடக்கிக்கொள்கிற மாதிரி உள்ளே மடங்கும், பிடிமானம் போய்விடும். 35 குதிரையில் அந்த வேகமே வராது, அதனால் குற்றம் வெளியே தெரியாது. ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1972-ல் ஹெரால்டை கஸல் என்று மாற்றியபோது, அந்தப் பின் அச்சைத் தூக்கிவிட்டு முழு அச்சு போட்டது. அது அண்ணனுக்குத் தெரியும். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. நீங்க குதிரை எத்தினின்னுதானே கேட்டீங்க?"

அச்சை மாத்தலாம், டிஸ்க் பிரேக் போடலாம் என்று நண்பன் காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தான். நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் பழக்கமுள்ள ஒரு வக்கீலைக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.ஸி.க்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. காஸ், பேட்டரி என்று எரிபொருள் மாற்றுகிற கிட்டுக்கு நிபந்தனையோடு வழி உண்டு. நம் ஆசைக்கு இல்லை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் 'விண்டேஜ்' பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிசாக மாறாமல் இருக்க வேண்டும். பாடியைத்தான் அப்பாவே கை வைத்துவிட்டாரே!

"அப்ப இன்ஷூரன்ஸ்?" என்றேன். வக்கீல் பதில் சொல்லாமல் சிரித்தார்.

அன்று ராத்திரி நண்பன் ஆர்.ஸி. புத்தகத்தை எடுத்து வந்தான். அட்டை கிழிந்த பழைய புத்தகம். அந்தக் காலத்திலேயே அப்பா மனுப்போட்டு 'இரண்டு இருக்கை, திறந்த பாடி' என்று முறையாக ஏற்றி, சீல் வாங்கியிருந்தார். கீழே எஞ்சின் நம்பர், டைப் அடித்த எழுத்து. கொட்டகையில் கிடந்த செத்த எஞ்சினைத் துணியால் துடைத்தோம். அதே நம்பர்.

ஜிப்ஸி எஞ்சினைப் பாதி விலைக்குத் தள்ளினான். ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று இரண்டு மாசம் அலைந்து பிஸ்டனும் ரிங்கும் தேற்றினோம். ரீ-போர் செய்து, கிராங்க் கிரைண்ட் பண்ணி, பிரேக்குக்குப் புது லைனிங் ஒட்டினோம். மொத்தச் செலவு ஜிப்ஸி வேலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

போன மாசம் எஃப்.ஸி. முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூருக்கு வண்டியை எடுக்கும்போது, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"கதவு எங்கடா?"

"கிடையாதும்மா. தாண்டணும்."

"உங்கப்பனுக்கு அறிவே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே, ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

இரண்டே ஸீட் என்பதால் நான் பஸ்ஸில். காவலூர் ஏற்றத்தில் செகண்ட் கியரில் முனகிக்கொண்டிருந்த சிவப்பு வண்டியை எங்கள் பஸ் ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்தது. ஜன்னல் வழியாக டாட்டா காட்டினேன். நண்பன் ரோட்டையே பார்த்தான். அம்மா மட்டும் நிமிர்ந்து, வளையல் போடாத கையை ஆட்டினார்.