செயின் செற்றை மாத்த முதல் ஒரு கேள்வி

"செயின் செற் முடிஞ்சுது தம்பி, மாத்தத்தான் வேணும்." பைக்கைக் கராஜுக்குக் கொண்டுபோகிற எங்களில் அனேகம் பேருக்குப் பழகிப்போன தீர்ப்பு இது. தீர்ப்பு பல நேரம் சரிதான். ஆனால் போன வருசம் போட்ட செற் இந்த வருசம் ஏன் முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் கேட்பதில்லை. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாமானை மட்டும் மாற்றினால், புதுச் செற்றும் அதே வழியில்தான் போகும். மாற்றுவதற்கு முதல் தேய்மானத்தைப் பார்க்கவும், கேள்வி கேட்கவும் நாங்கள் பழக வேண்டும்.

இது சின்ன விசயம் இல்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் கம்பஸுக்கு வந்த எங்களில் பலரிடம் இருப்பது அண்ணாவோ மாமாவோ ஓடிக் களைத்த பைக்குகள். செற் ஒன்றின் விலை, போர்டிங் காசில் கைவைக்கிற விலை. காசைவிடப் பெரிய கணக்கும் ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் செயின் அறுந்தோ கழன்றோ சிக்கினால் பின்சில்லு இறுகிவிடும். ஏ9 வீதியில் பின்னால் பஸ் வரும்போது அப்படி நடந்தால் என்னாகும் எண்டு சொல்லத் தேவையில்லை.

எப்படிப் பார்ப்பது? எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, நடு ஸ்ராண்டில் ஏற்றுங்கோ. எஞ்சின் ஓடும்போது செயினுக்குக் கிட்டக் கை போகவே கூடாது. செயினுக்குக் கவர் இருந்தால் கழற்றத்தான் வேணும். பிறகு பின் ஸ்பொக்கற்றின் பற்களைப் பாருங்கோ.

பற்கள் எல்லாம் ஒரே திசைக்குச் சாய்ந்து, கொக்கி மாதிரிக் கூராகியிருந்தால் அது வயசு. செற்றாக மாற்ற வேண்டியதுதான். முன் ஸ்பொக்கற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றுவது காசு மிச்சம் மாதிரித் தெரியும். தேய்ந்த முன்பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

பற்களின் ஒரு பக்கச் சுவர் மட்டும் உரஞ்சி மினுங்குதா? செயின் தகடுகளின் உள்முகத்திலும் ஒரு பக்கம் மட்டும் அதே மினுக்கம் இருக்கா? அப்படியெண்டால் அது வயசில்லை, கோணல். செயின் நேர்கோட்டில் ஓடவில்லை.

ஒன்றுவிட்டு ஒரு பல் கொஞ்சம் கூடத் தேய்ந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஸ்பொக்கற்றில் பற்கள் இரட்டை எண்ணிக்கையாக இருந்தால், செயினின் ஒடுங்கிய கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று அதே பற்களில்தான் வந்து உட்காரும். அதனால் வருகிற வித்தியாசம் அது.

அடுத்தது, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிச் செயினின் தொய்வைப் பாருங்கோ. ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தளர்ந்தால், இறுகும்போது செயினிலும் ஸ்பொக்கற்றிலும் சோக்கால் அடையாளம் போடுங்கோ. சில்லு சுற்றுகிற ஒவ்வொரு முறையும் ஸ்பொக்கற் அடையாளம் அதே இடத்துக்கு வரும்போது இறுகினால், ஸ்பொக்கற்றிலோ அதைத் தாங்குகிற ஹப்பிலோ வட்டம் பிழை. செயின் அடையாளம் வரும்போது மட்டும் இறுகினால், செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. எங்கட ரோட்டில் ஓடுகிற சின்ன பைக்குகளில் அனேகமானவைக்கு 428 அளவுச் செயின்தான். அதில் ஒரு கண்ணி, ஆணியிலிருந்து ஆணிவரை, 12.7 மில்லிமீற்றர். புதுசில் 20 கண்ணி 254 மில்லிமீற்றர். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 2 வீதம் நீண்டு 259ஐ எட்டினால் அதன் காலம் முடிந்தது.

கோணல் எங்கேயிருந்து வருகிறது? பஞ்சர் ஒட்டச் சில்லைக் கழற்றிப் பூட்டும்போது இரண்டு பக்க அட்ஜஸ்ரரும் ஒரே அளவில் நிற்காமல் போகும். சிலவேளை அக்சிலில் இருக்கிற புஷ் இடம் மாறிவிடும். ஸ்விங் ஆமில் இருக்கிற கோடுகளைப் பார்த்துத்தான் வழமையாகப் பூட்டுவார்கள். அடிபட்டு ஓடின பழைய பைக்கில் அந்தக் கோடுகளை நம்ப முடியாது. ஸ்விங் ஆமைப் பூட்டியிருக்கிற பெரிய போல்ற்றின் நடுவிலிருந்து பின் அக்சிலின் நடுவரை, அளவு நாடாவால் இரண்டு பக்கமும் அளவுங்கோ. இரண்டும் ஒன்றாக வரவேணும். ஒன்றாக வந்தும் ஒரு பக்கம் தேய்கிறதெண்டால், பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கோ. ஆடினால் பெயாரிங்கோ ஸ்விங் ஆம் புஷ்ஷோ போயிருக்கக்கூடும். இதில் எதையும் புதுச் செற் சரிசெய்யாது.

"ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு உதெல்லாம் எதுக்கு, பாஸ் பாத்துக்கொள்ளுவார்" எண்டு சொல்கிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். பாஸ்மாரைக் கள்ளர் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. பத்து நிமிசத்தில் தா எண்டு தலைமாட்டில் நிற்கிறவருக்கு, அளந்து பார்த்துக் காரணம் சொல்ல அவருக்கு எங்கே நேரம்? சாமான் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிற எங்கட சமூகம், பிழையைக் கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கேட்டால் முகம் சுழிக்கிறது. சாமான் வித்தால்தான் சீவியம் எண்டால், அவர் சாமானைத்தான் விற்பார். பார்க்கிறதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு எண்டு நாங்கள் ஒத்துக்கொள்ள வேணும். கூலி கொடுத்தால் பதில் கேட்கிற உரிமையும் வரும்.

ஆகவே அடுத்த முறை செற் மாற்றப் போனால், கழற்றின பழைய ஸ்பொக்கற்றைக் கையில் வாங்கிப் பாருங்கோ. எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு, ஏன் எண்டு கேளுங்கோ. பதில் கிடைத்த பிறகு புதுசைப் பூட்டச் சொல்லுங்கோ.