51 வாக்குகள் எதற்குப் போதும்?

டிசம்பர் 11-ஆம் தேதி அமெரிக்க செனட் சபையில் மருத்துவக் காப்பீடு குறித்த இரண்டு மசோதாக்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்று ஜனநாயகக் கட்சியினுடையது; மற்றது குடியரசுக் கட்சியினுடையது. இரண்டுக்கும் ஆதரவாக 51 வாக்குகள், எதிராக 48 வாக்குகள். இரண்டுமே தோற்றன. விவாதத்தை முடித்து ஒரு மசோதாவை இறுதி வாக்கெடுப்புக்குக் கொண்டு செல்ல 60 உறுப்பினர்களின் இசைவு வேண்டும் என்பது அச்சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

இந்த வாக்கெடுப்பை நடத்துவதாகத் தந்த வாக்குறுதியின் பேரில்தான் அமெரிக்க வரலாற்றின் மிக நீண்ட அரசு முடக்கம் முடிவுக்கு வந்தது. அக்டோபர் 1 அன்று தொடங்கிய அது நவம்பர் 12 வரை 43 நாள்கள் நீடித்தது. 2018-19-இல் எல்லைச் சுவர் தகராறில் ஏற்பட்ட 35 நாள் முடக்கமே அதற்கு முன்பு நீண்டதாக இருந்தது. இம்முறை சுமார் 14 லட்சம் மத்திய அரசு ஊழியர்கள் ஊதியமின்றித் தவித்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மீதிப்பேர் சம்பளம் இல்லாமலேயே வேலைக்கு வரவேண்டியிருந்தது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பணிக்கு வராததால் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்கள் குறைக்கப்பட்டன. ஏறத்தாழ 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித் திட்டத்தின் நவம்பர் மாதத் தொகை நீதிமன்றங்களுக்கும் அரசுக்கும் இடையே அல்லாடியது. முடக்கத்தின் கடைசி நாள் வரை பிரதிநிதிகள் சபை வாக்கெடுப்புக்குக் கூடவே இல்லை. உறுப்பினர்களின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர் மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது.

மக்களின் கோபத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அக்டோபரில் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில் நாடாளுமன்றத்தின் செயல்பாட்டை ஏற்றவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர் மட்டுமே. ஆனால், அந்தக் கோபம் யாரைச் சென்று சேரவேண்டும்? நமது நாட்டிலோ பிரிட்டனிலோ அரசின் நிதிக் கோரிக்கை மக்களவையில் தோற்றால் அரசு விலக வேண்டும்; பழி யாருடையது என்ற ஐயம் எழாது. 1975-இல் ஆஸ்திரேலியாவில் மேலவை நிதி ஒதுக்கீட்டைத் தடுத்தபோது, சில வாரங்களுக்குள் பிரதமர் விட்லம் பதவி நீக்கப்பட்டார். இரு அவைகளும் கலைக்கப்பட்டன. டிசம்பர் 13-இல் மக்கள் வாக்களித்துத் தீர்த்தார்கள். அந்த முறை சரியா என்று ஆஸ்திரேலியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் முட்டுக்கட்டைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. வாஷிங்டனில் அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை மூவரும் தனித்தனித் தேர்தலில் வந்தவர்கள். ஒருவர் தோல்வியால் மற்றவர் பதவி ஆட்டம் காணாது.

அரசு முடக்கம் என்பதே அங்கும் பழைய வழக்கம் அன்று. நிதி ஒதுக்கீடு தாமதமானாலும் அலுவலகங்கள் ஓரளவு இயங்கிக்கொண்டுதான் இருந்தன. 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லாமல் செலவிடுவதைத் தடுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டத்துக்குக் கறாரான பொருள் சொன்னார். அதன் பிறகுதான் கதவை இழுத்து மூடுவது ஓர் ஆயுதமாயிற்று. ஆண்டுதோறும் நிறைவேற வேண்டிய பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்கள் உரிய காலத்தில் முழுமையாக நிறைவேறிக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இடைக்கால ஏற்பாடுகளில்தான் உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் அரசு காலம் தள்ளுகிறது.

இனி சண்டையின் பொருளுக்கு வருவோம். ஒபாமா காலத்தில் உருவான காப்பீட்டுச் சந்தையில், நிறுவன வேலையோ அரசுக் காப்பீடோ இல்லாதவர்கள் காப்பீடு வாங்குகிறார்கள். சிறு கடைக்காரர்கள், விவசாயிகள், சொந்தத் தொழில் செய்வோர், 65 வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றோர் ஆகியோர் இவர்கள். பெருந்தொற்றுக் காலமான 2021-இல் இவர்களுக்கான மானியம் உயர்த்தப்பட்டது. 2022-இல் அது 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. 2020-இல் 1.1 கோடியாக இருந்த பயனாளிகள் எண்ணிக்கை 2025-இல் 2.4 கோடியைத் தொட்டது.

உயர்த்தப்பட்ட மானியம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. பழைய விதிப்படி, வறுமைக்கோட்டு வருமானத்தின் நான்கு மடங்கைத் தாண்டிய குடும்பத்துக்கு ஒரு டாலர்கூட மானியம் கிடையாது. ஆண்டுக்கு 85,000 டாலர் ஈட்டும் அறுபது வயதுத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். 2025-இல் அவர்களின் பிரீமியம் வருமானத்தில் 8.5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அதாவது சுமார் 7,200 டாலர். 2026-இல் அது 22,600 டாலருக்கும் மேல் கூடும் என்று சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனமான கே.எஃப்.எஃப். கணக்கிட்டிருக்கிறது. 2026-ஆம் ஆண்டுக் காப்பீட்டில் நான்கு மடங்கு என்ற எல்லை இருவர் குடும்பத்துக்கு 84,600 டாலர். நானூறு டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இந்தத் தண்டனை. பொது நிதியியல் வகுப்பில் இப்படியொரு கணக்கை நான் கொடுத்திருந்தால், மிகைப்படுத்துகிறேன் என்று மாணவர்கள் சிரித்திருப்பார்கள்.

பிரீமியம் ஏறும்போது முதலில் விலகுபவர்கள் நலமாக இருக்கும் இளைஞர்கள். நோயுள்ளவர்கள் எப்பாடுபட்டாவது தங்குவார்கள். இதைக் காப்பீட்டு நிறுவனங்கள் முன்கூட்டியே கணித்துவிட்டன. 2026-க்கான பிரீமியம் மானியத்துக்கு முந்தைய நிலையிலேயே சராசரியாக 26 விழுக்காடு உயர்ந்திருப்பதற்கு இந்தக் கணிப்பும் ஒரு காரணம். மானியம் நீங்கினால் பத்தாண்டுகளில் சுமார் 40 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்ற வரவு-செலவு அலுவலகத்தின் மதிப்பீடு.

குடியரசுக் கட்சியினரின் எதிர்வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. பெருந்தொற்றுக்காகத் தந்த சலுகை பெருந்தொற்றோடு முடிய வேண்டும் என்கிறார்கள். பணம் காப்பீட்டு நிறுவனங்களுக்கே போகிறது. உரியவருக்கே தெரியாமல் பெயர்களைச் சேர்த்துக் கமிஷன் பார்த்த முகவர்கள் மீது வழக்குகள் உண்டு. மானியத்தை நிரந்தரமாக்கப் பத்தாண்டுகளில் சுமார் 35,000 கோடி டாலர் ஆகும் என்பதும் உண்மை. ஆனால், அவர்கள் முன்வைத்த மாற்று என்ன? மலிவான காப்பீடு எடுப்போரின் சேமிப்புக் கணக்கில் வயதைப் பொறுத்து 1,000 அல்லது 1,500 டாலர் செலுத்துவது. அத்தகைய காப்பீடுகளில் நிறுவனம் பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி தன் கையிலிருந்து செலவிட வேண்டிய தொகை சராசரியாக 7,000 டாலரைத் தாண்டுகிறது.

இங்கே வாசகர்கள் ஒரு பழைய கணக்கை நினைவுகூர வேண்டும். 2017-இல் கொண்டுவரப்பட்ட தனிநபர் வருமான வரிக் குறைப்புகளும் தற்காலிகமானவையே. அவையும் இதே 2025 இறுதியில் காலாவதியாக இருந்தன. அவற்றை நிரந்தரமாக்கிய சட்டம் ஜூலை 4 அன்று கையெழுத்தானது. செனட்டில் அதற்குக் கிடைத்த ஆதரவு 50. துணை அதிபர் வான்ஸ் தன் வாக்கைச் சேர்த்து 51 ஆக்கினார். வரவு-செலவு தொடர்பான மசோதாக்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தனிப்பாதை அது. அச்சட்டம் பத்தாண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்பது அதே வரவு-செலவு அலுவலகத்தின் கணக்கு. காப்பீட்டு மானியத்துக்கு ஆகும் செலவைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. வரிச் சலுகைக்கு 51 போதுமானதாக இருந்தது. மருத்துவக் காப்பீட்டுக்கு அதே 51 போதவில்லை.

ஜனநாயகக் கட்சியினரும் இதில் தப்ப முடியாது. 2022-இல் இதே தனிப்பாதையில், துணை அதிபரின் வாக்கோடு 51 என்ற எண்ணிக்கையில், அவர்கள்தாம் மானியத்தை நீட்டித்தார்கள். நிரந்தரமாக்கியிருந்தால் மசோதாவின் செலவு பெரிதாகத் தெரியும் என்பதால் மூன்றாண்டு நீட்டிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். 2017-இல் குடியரசுக் கட்சி செய்த கணக்குச் சாமர்த்தியமும் இதேதான். பத்தாண்டுச் செலவைச் சிறிதாகக் காட்ட ஒரு முடிவுத் தேதியை எழுதிவிட்டு, அந்தத் தேதி வரும்போது பேரிடர் வந்ததுபோல் பதறுவது இரு கட்சிகளுக்கும் பழகிவிட்டது. வெளியில் தெரியும் வாய்ச்சண்டையைவிட இந்தக் கணக்கு வழக்கம்தான் முட்டுக்கட்டைக்கு ஆழமான வேர் என்று கருதுகிறேன்.

முடக்கத்தை முடித்துவைக்க ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டு உறுப்பினர்கள் மறுபக்கம் வாக்களித்தார்கள். 2026-இல் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தது. உணவு உதவிக்கு 2026 செப்டம்பர் வரை நிதி உறுதியானது. மானியம் பற்றி மட்டும் ஒரு வாக்கெடுப்பு என்ற வாக்குறுதி. அது எப்படி முடிந்தது என்று பார்த்தோம்.

இழப்புக் கணக்கும் இருக்கிறது. ஆறு வாரங்களில் உற்பத்தி இழப்பாக 1,100 கோடி டாலர் திரும்பி வராது என்று வரவு-செலவு அலுவலகம் கூறியிருந்தது. இன்னொரு இழப்பு, என்னைப் போன்றவர்களை மட்டும் வருத்துவது. கணக்கெடுப்பாளர்கள் வீட்டில் இருந்ததால், 1948 முதல் மாதம் தவறாமல் தொடரும் அமெரிக்க வேலையின்மை விகித வரிசையில் 2025 அக்டோபருக்கு எதிரே எண் இல்லை. அந்த மாதம் எத்தனை பேர் வேலையின்றி இருந்தார்கள் என்பதை இனி யாரும் அளந்து சொல்ல முடியாது.

ஜனவரி முதல் தேதியிலிருந்து காப்பீடு நடைமுறைக்கு வரவேண்டுமானால், பெரும்பாலான மாநிலங்களில் டிசம்பர் 15-க்குள் பதிந்திருக்க வேண்டும். அந்தக் கெடு கடந்துவிட்டது. நாடாளுமன்றம் இனி எதைச் செய்தாலும், பிரீமியத்தைப் பார்த்து மலைத்துத் திட்டத்தைக் கைவிட்டவர்களைத் திரும்பக் கூட்டி வருவது எளிதன்று. இடைக்கால நிதி ஒதுக்கீடு 2026 ஜனவரி 30-உடன் முடிந்தது.  காப்பீட்டுச் சந்தையில் மிக அதிகமானோர் பதிந்திருக்கும் மாநிலம் புளோரிடா. அதிபருக்குப் பெரும் வெற்றி தந்த மாநிலமும் அதுவே. 2027-க்கான காப்பீட்டுப் பதிவின் தொடக்க நாள் 2026 நவம்பர் 1. புதிய பிரீமியத் தொகை அன்று மக்களின் கண்ணில் படும். நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 3.