பெரட்டில் பேர் கொடுத்தவர்கள்

பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகளில் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்துச் செய்தியாக்கியிருக்கிறேன். பேராலயங்களில் ஆயர்கள் ஆற்றிய மறையுரைகளும் அவற்றுள் அடங்கும். பெரும்பாலானவை மறந்துபோயின. மறவாமல் நிற்பது, இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஓர் இறப்பர்த் தோட்டத்தில், தகரக் கூரையிட்ட சிற்றாலயத்தில் கேட்ட பத்து நிமிடப் பேச்சு. பேசியவர் குருவானவர் அல்லர். வாரத்தில் ஆறு நாள் பால் வெட்டிவிட்டு ஞாயிறன்று வெள்ளை வேட்டி கட்டி வேதம் வாசிக்கும் உபதேசியார் அவர்.

அன்று அவர் எடுத்துக்கொண்ட பகுதி, மத்தேயு நற்செய்தியில் வரும் இரு புதல்வர்களின் உவமை. தந்தை இருவரையும் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யப் போகச் சொல்கிறார். ஒருவன் மறுத்துவிட்டுப் பின்னர் மனம் வருந்திப் போகிறான். மற்றவன் போவதாக மரியாதையோடு சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறான். உபதேசியார் இதற்கு விளக்கவுரை எதுவும் சொல்லவில்லை. "பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்குப் போகாதவனுக்குக் கணக்கப்பிள்ளை பேர் போடுவாரா?" என்று மட்டும் கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும், "ஞாயித்துக்கெழம நாம இங்க வந்து பேர்தான் குடுக்கிறோம். வேல திங்கக்கெழமதான் இருக்கு" என்றார்.

தோட்டத்து வழக்கு அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அதிகாலையில் தொழிலாளர் கூடி அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் இடமே பெரட்டுக்களம். அங்கே பேர் கொடுத்து, மலைக்குச் சென்று வேலையை முடித்தால்தான் செக்ரோலில் ஒரு நாள் பேர் விழும். கூலி அந்தப் பேருக்கே உரியது.

கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்குத் தோட்டங்களில் ஒரு நீண்ட, கசப்பான வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியாலும் பண உதவியாலும் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். அவர்கள் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததை நன்றியோடு நினைக்கவேண்டும். எனினும் பிரசங்கத்துக்குப் பணம் கொடுத்த துரை, அதன் பயனாகப் பணிவுள்ள தொழிலாளியை எதிர்பார்த்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. கடவுளுக்குக் கீழ்ப்படி என்ற அழைப்பு, லயத்து வாசலை வந்தடையும்போது துரைக்குக் கீழ்ப்படி என்று மருவிவிடும் ஆபத்து அன்றே இருந்தது. இன்றும் அது முற்றாக நீங்கவில்லை.

அந்தக் கூலி மிஷனுக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, கூலியாளின் கோலத்தில் இந்நாட்டுக்கு வந்த ஒருவர் இருந்தார். கோவாவில் பிராமணக் குடும்பமொன்றில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளாரே அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த வேளையில், 1687இல் அவர் மாறுவேடத்தில் கரையிறங்கினார். குலப் பெருமையைக் கழற்றி வைத்தவர் அதை மீண்டும் அணிந்துகொள்ளவேயில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, வசதியுள்ளோர் நகரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளரைச் சமயம் பாராது பராமரித்தார்; இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது திரண்ட பெருங்கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அவர் செய்த வேலையைத் தொடர எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்பது வேறு கேள்வி.

சப்ரகமுவத் தோட்டங்களின் நிலை நுவரெலியாவினுடையதைப் போன்றதன்று. இங்கே இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தமிழர் எங்கும் சிறு தொகையினர். அவர்களுள் கிறிஸ்தவர் இன்னும் சிறு தொகையினர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டபோது இந்தத் தனிமையின் விலை தெரிந்தது. 1983 யூலையில் அதே தீ நாட்டின் பல பகுதிகளையும் சூழ்ந்தது.

அப்போது குருநாகல் அங்கிலிக்கன் ஆயராக இருந்தவர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. செல்வாக்குள்ள சிங்களக் குடும்பத்தில் பிறந்தவர். உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் பாதிக்கப்பட்டோரைத் தேடிச் சென்று சந்தித்தார். 1983 செப்டெம்பரில் தமது மறைமாவட்டப் பேரவையில் ஆற்றிய உரையில், நடந்தது ஓர் அறக்குற்றம் என்றும், சிங்களவர் அதற்காக வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். தம் சொந்த மக்களை நோக்கி அந்நேரத்தில் அதைச் சொல்வது எளிதன்று. ஒக்டோபர் 23ஆம் திகதி, 56ஆவது வயதில் காலமானார்.

இது அரசியல், இதற்கும் விசுவாசத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. அந்த ஆயர் கட்சி எதற்கும் வாக்குக் கேட்கவில்லை. தம் ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்று நம்பியவர், தம் இனத்தின் சார்பில் குனிந்தார். அதிகாரத்துக்கு முன் வளையாத முதுகுதான் இப்படிக் குனியவும் வல்லது. தாழ்மையும் அடிமைத்தனமும் பிரியும் இடம் இதுவே என்பது என் துணிபு. அடிமை அச்சத்தினால் வளைகிறான். தாழ்மையுள்ளவன் தன்னைவிட எளியவனின் பாரத்தைத் தூக்குவதற்காக வளைகிறான்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கென இரத்தினபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1995இல் உருவாக்கப்பட்டது. ஏனைய திருச்சபைகளும் அங்கே பணியாற்றுகின்றன. தோட்டத்து ஏழைக்கு அவரவர் மொழியில் வழிபாடு கிடைக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடத்தை இடைநடுவில் விடாமல் தடுக்க ஒருவர் இருக்கிறாரா, மண்சரிவு அபாயமுள்ள லயத்தில் வாழ்வோருக்காகக் குரல் எழுகிறதா என்பவற்றைக் கொண்டே நான் ஒரு சபையின் கீழ்ப்படிதலை அளப்பேன். கோபுரத்தின் உயரம் எனக்கு எதையும் சொல்வதில்லை.

அந்த உபதேசியாரிடமே திரும்புகிறேன். மறுநாள் திங்கட்கிழமை அவரைத் தேடிச் சென்றபோது தோட்டத்தில் இல்லை. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியிருந்தும், கையில் உரிய கடதாசி எதுவுமில்லாத கிழவி ஒருத்தி அடுத்த லயத்தில் இருந்தாள். அவள் இந்து, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். சிங்களத்தில் விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, அவளைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். மாலையில் சந்தித்தபோது, ஒரு நாள் கூலி போய்விட்டதே என்றேன். "பேர் விழலதான், ஐயா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவர உள்ளே போனார்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சென்னையிலும் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்லும் என் வாசகர்களுக்கும், அவர்களைப் போலவே பழகிவிட்ட எனக்கும், அவர் விட்டுக்கொடுத்த அந்த ஒரு நாள் பேர் ஒரு கேள்வியாகவே நிற்கிறது. பெரட்டில் நாம் எல்லோரும் பேர் கொடுத்துவிட்டோம். மலைக்குப் போனவர் எத்தனை பேர்?