கம்பெனிக்கு ஏழாயிரத்து ஐநூறு, விவசாயிக்கு ஒன்பதாயிரம்!



பொன்னேரியில் ரயில் ஏறி ராயபுரம் வருகிற வழியெல்லாம் ஆலைகள்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட். அதன் முக்கியப் பங்குதாரர் பிரிட்டனில் பதிவான ஹிந்துஜா கம்பெனி. மணலியில் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை. பொதுத்துறைதான், ஆனாலும் ஈரானின் நாஃப்டிரான் நிறுவனத்துக்கு அதில் 15 சதவீதத்துக்கு மேல் பங்கு. அந்நிய மூலதனம் என்பது எங்கோ டெல்லியில் பேசுகிற சமாச்சாரம் இல்லைங்க, நம்ம கழனிக்குப் பக்கத்திலேயே இருக்கு.

வெளிநாட்டு நேரடி முதலீடு வாங்கிய எந்தக் கம்பெனியும் வருஷா வருஷம் ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்குக் கணக்குக் கொடுக்கணும். வெளிநாட்டாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம், வெளிநாட்டில் எவ்வளவு சொத்து வைத்திருக்கிறோம் என்ற கணக்கு. அது போக, கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தனி.

ஜூலைக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால்? 2022 செப்டம்பர் 30-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி தாமதக் கட்டணம் 7,500 ரூபாய். முதலீடு ஒரு கோடியா, ஆயிரம் கோடியா என்ற பேதமே கிடையாது! அதையும் கட்டாவிட்டால்தான் ஃபெமா சட்டத்தில் மேல்நடவடிக்கை.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். கிசான் கார்டில் 3 லட்சம் பயிர்க்கடன், வட்டி 7 சதவீதம். தவணை தப்பாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை. நெல் கொள்முதல் பணம் வரத் தாமதமாகி, கெடு தாண்டி ஒரே நாள் கழித்துக் கட்டினாலும் சலுகை போச்சு. வருஷக் கணக்கில் 9,000 ரூபாய்! மேலே சொன்ன கம்பெனிகள் தாமதித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டம் யாருக்கு எந்தத் தராசு வைத்திருக்கு என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கணும். ரிசர்வ் வங்கிக்குப் போகிற கணக்கைத் தனித்தனியாக நாம் பார்க்க முடியாது, மொத்தத் தொகைதான் வெளியே வரும். சரி, பணக் கணக்கு அவர்களோடு இருக்கட்டும். தண்ணீர்க் கணக்கு? சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலை ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருஷம் இரண்டு அறிக்கை தரணும், அது பொது ஆவணம் என்று 2006 அறிவிக்கையே சொல்லுது. எந்த ஊராட்சி ஆபீசில் தமிழில் ஒட்டியிருக்கான், சொல்லுங்க பார்ப்போம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது, ஆற்றில் இறங்கிய மீனவர் வலையில்தான் முதல் அறிக்கை கிடைத்தது.

ஆலை அறிக்கைகளைத் தமிழில் ஊராட்சியிலும் தாலுகா ஆபீசிலும் வை! தாமதக் கட்டணத்தை முதலீட்டின் அளவுக்கேற்ப விதி! பயிர்க்கடன் கெடுவுக்கு முப்பது நாள் சலுகை கொடு!

ராயபுரம் ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறவர்கள், வட்டிச் சலுகை பறிபோன வங்கிச் சீட்டு இருந்தால் அதன் நகலை மறக்காமல் எடுத்து வாருங்கள். மனுவோடு இணைக்க வேண்டும்.