கூட்டாகக் கட்டும் கதை கூடுமா?

கற்பனைக் கதை எழுதுவது பொய்யுரைப்பது, பொய்யுரைப்பது பாவம், ஆகவே கதை எழுதுவது பாவம். மூன்றே படிகளில் ஏறி இறங்கிவிடும் இந்தத் தர்க்கத்தை அண்மைக் காலமாக நம் மஹல்லாக்களில் அடிக்கடி கேட்க நேரிடுகிறது. பெரும்பாலும் ஜும்ஆ பயானின் இறுதியில், கைப்பேசி, கிரிக்கெட், திரைப்படம் என்னும் வரிசையில் நான்காவதாக இது வந்து சேரும். அதிலும் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, வேறொருவர் படைத்த கதையுலகில் புகுந்து, அதன் மாந்தரை வைத்துத் தாங்களும் கதை தொடர்வது இரட்டைக் குற்றமாம். பொய்யும் ஆயிற்று, பிறர் பொருளில் கைவைத்ததும் ஆயிற்றாம். இக்கூற்றை மறுப்பதே என் நோக்கம். மறுக்கும் தகுதி உமக்கு உண்டோ என வாசகர் வினவலாம். உண்டு, இதே தீர்ப்பை ஒருமுறை வழங்கிய குற்றவாளி நான்.

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டில், பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். ஒருநாள் காப்பித் தோட்டமொன்றில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், தம் மகனிடமிருந்து பறித்த தடித்த நோட்டு ஒன்றை என்முன் வைத்து, "ஹஜ்ரத், பிள்ளைகள் ஏழுபேர் சேர்ந்து இதை எழுதுகிறார்கள். இது கூடுமா, கூடாதா?" என்று கேட்டார். இரண்டு பக்கம் புரட்டினேன். இயந்திர நாய் ஒன்று பேசிக்கொண்டிருந்தது. அஸர் பாங்குக்கு நேரமாகிவிட்டது. "கூடாது" என்றேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நிமிடத்திற்கும் குறைவான ஃபத்வா!

அந்த நோட்டில் என்ன இருந்தது என்பதைப் பல வாரங்கள் கழித்து, அதை எழுதியவர்களுள் ஒரு சிறுமியின் வாயால் கேட்டேன். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’ என்னும் அறிவியல் புனைகதையை வாசகர் பலர் அறிவர். அதில் வரும் காலம் அன்றைக்கு எதிர்காலம். இன்றோ அந்த ஆண்டுகள் நம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி வரவில்லை. ஜீனோ என்னும் அறிவுள்ள இயந்திர நாயும் பிறக்கவில்லை. பிள்ளைகள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். அவையெல்லாம் உண்மையில் நிகழ்ந்துவிட்ட மற்றோர் உலகம் இருக்குமாயின், அங்கே நம் ஏற்காடு எப்படி இருக்கும்?

சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரிகளில் இறக்கிய காலம் ஒன்று இருந்ததை இவ்வூரார் மறந்துவிடவில்லை. பிள்ளைகளின் உலகில் அந்த வெட்டு நிற்கவே இல்லை. மலை குடையப்பட்டு வெறும் ஓடாக நிற்கிறது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால் அங்கே ஊரில்லை. ஒரு பெருங்குழியின் விளிம்புதான் இருக்கிறது. அந்த விளிம்பில் நின்று ஒரு முதியவர் ஐவேளையும் பாங்கு சொல்கிறார். எதிரொலி திரும்பிவரும் நேரத்தை அளந்து, குழி நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு ஆழமாயிற்று என்பதை இயந்திர நாய் அவருக்குக் கணக்கிட்டுச் சொல்கிறது.

இதையா நான் கூடாதென்றேன்!

இனி வாதத்திற்கு வருவோம். கற்பனை பொய் என்பார் முதலில் தாம் ஓதிய கிதாபுகளை நினைவுகூரட்டும். அரபி மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் நூல் ‘மகாமாத்துல் ஹரீரி’. பஸ்ராவைச் சேர்ந்த அல்ஹரீரி (மறைவு 1122) அதில் ஐம்பது மகாமாக்களை இயற்றினார். அபூ ஸைத் அஸ்ஸரூஜி என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன் ஊர் ஊராக வேடமிட்டுத் திரிவதும், ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்பவர் அதைக் கண்டு வந்து அறிவிப்பதுமே நூலின் அமைப்பு. இந்த அமைப்பு ஹரீரியின் சொந்தச் சரக்கா? அன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பதீஉஸ்ஸமான் அல்ஹமதானி (மறைவு 1008) அபுல் ஃபத்ஹ் அல்இஸ்கந்தரி என்னும் திரிபவனையும் ஈஸா இப்னு ஹிஷாம் என்னும் அறிவிப்பாளனையும் படைத்துவிட்டார். ஹரீரி தம் முன்னுரையில் அக்கடனை ஒளிக்கவில்லை. முன்னவருக்கே முதன்மை என்று பணிவுடன் ஒப்புகிறார். அதே முன்னுரையில், கற்பனைக் கதையைக் குறைகூறுவோருக்கும் விடையளிக்கிறார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாகப் புனைந்த கதைகளை எந்த அறிஞரும் வெறுத்து ஒதுக்கியதில்லை, செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதே அவர் வாதத்தின் சாரம். அந்த முன்னுரையை நான் மாணவனாக இருந்தபோது இலக்கணக் குறிப்புகளோடு மனப்பாடம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். சொல்லின் இஃராபெல்லாம் நினைவிருந்தது. சொல்லிய செய்திதான் முப்பதாண்டுகளாக மண்டைக்குள் இறங்கவில்லை.

மகாமாவேனும் மொழிப்பயிற்சிக்காக ஓதப்படுவது என்று சிலர் நழுவக்கூடும். மெய்யியலாளர்களையே பார்ப்போமே. இப்னு ஸீனா (மறைவு 1037) ‘ஹைய் இப்னு யக்ஸான்’ என்னும் பெயரில் ஓர் உருவகக் கதை எழுதினார். ஒன்றரை நூற்றாண்டுக்குள் அந்தலூஸில் இப்னு துஃபைல் (மறைவு 1185) அதே பெயரை எடுத்துக்கொண்டு, முற்றிலும் வேறான கதையொன்றைக் கட்டினார். ஆளில்லாத் தீவில் மான் பாலூட்டி வளர்த்த குழந்தை தன் அறிவாலேயே இறைவனின் ஒருமையை உணர்ந்தடையும் கதை அது. மாந்தரின் பெயர்கள் இப்னு ஸீனாவிடமிருந்து வந்தவை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டில், இதயத்திலிருந்து நுரையீரல் வழியே குருதி செல்வதைக் கண்டெழுதிய மருத்துவப் பேரறிஞர் இப்னுன் நஃபீஸ் (மறைவு 1288) அத்தீவுக்கே மறுபடியும் போனார். அவருடைய நாயகன் காமில். தனித்து அறிவுபெறுவதோடு அவன் நிற்பதில்லை. கரையொதுங்கிய மனிதரைச் சந்தித்து, நுபுவ்வத் ஏன் தேவை என்பதையும் ஆய்ந்து தெளிகிறான். தனியறிவு போதும் என்பதுபோல் நின்ற முந்திய கதைக்கு, அறிவுக்குத் துணையாக இறைத்தூதும் வேண்டும் என்று கதையாலேயே தரப்பட்ட மறுமொழி அது.

மூவரும் ஒரே அறையில் அமர்ந்து எழுதவில்லை, உண்மை. இடையே இரண்டரை நூற்றாண்டு கிடக்கிறது. ஆயினும் ஒருவர் திறந்துவைத்த உலகில் மற்றவர் நுழைந்து, வேறொரு வழி சென்று, முடிவையும் மாற்றி எழுதிய செயலுக்குப் பெயர் என்ன? அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் என்னும் தொலைக்காட்சித் தொடரின் சுவைஞர்கள் 1967இல் ‘ஸ்பாக்கனேலியா’ என்று தாமே இதழ் நடத்தி, அத்தொடரின் மாந்தரை வைத்துக் கதை எழுதினார்களாம். அதை மேற்கத்தியப் பித்து என்று இகழ்வோர், இப்னு துஃபைல் செய்ததற்கும் அதற்கும் வகையில் என்ன வேறுபாடு என்பதைக் காட்டட்டும். தரத்தில் வேறுபாடு உண்டு. ஏழு பிள்ளைகள் இப்னு துஃபைல் ஆகிவிட்டார்கள் என்று நானும் சொல்லவில்லை.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். கற்பனை கூடாதென்று முழங்கும் அதே ஊர்களில், படைப்போர்களும் கிஸ்ஸாக்களும் வீடுகளில் ஊதுபத்தி கொளுத்தி ஓதப்பட்டு வந்ததை யார் மறுப்பர்? அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ வரலாற்றில் நிகழாத போர்க்களங்களில் ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை நிறுத்துகிறது. வடக்கே பாருங்கள். உஹது களத்தில் ஷஹீதான ஹஜ்ரத் ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைச் சூட்டி, சூனியக்காரர்களோடும் பூதங்களோடும் போரிடும் தாஸ்தான் ஒன்று பல நூற்றாண்டுகள் வளர்ந்தது. அக்பர் அதற்கு ஏறத்தாழ 1400 ஓவியங்கள் தீட்டுவித்தார். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதை 46 தொகுதிகளாகப் பெருக்கியது. அவற்றுள் பெயர்பெற்ற ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’வை முஹம்மது ஹுஸைன் ஜாஹ் 1883இல் தொடங்கி நான்கு தொகுதிகள் எழுதி விலக, எஞ்சியதை அஹ்மது ஹுஸைன் கமர் எழுதி முடித்தார். திலிஸ்ம் என்றால் மந்திரவாதி கட்டிய செயற்கை உலகம். அதற்கெனத் தனி வானம், தனி விதி, தனி அழிவு. பலர் கூடிக் கட்டிய மாற்றுலகக் கதைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவே சொல்கிறேன். மந்திர உலகைக் கற்பனை செய்தது குறையன்று. உண்மையில் வாழ்ந்த ஸஹாபிப் பெருமகன் ஒருவரை அதனுள் இழுத்து வைத்ததும், தாம் புனைந்ததற்கு அக்பர் அவைப் புலவர் பைஜியைப் பொறுப்பாளி ஆக்கியதுமே குறை. தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் குறித்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கை அவர்கள் பெயராலும் மார்க்கத்தின் பெயராலும் கட்டப்படும் பொய்க்கு உரியது. இப்னுல் ஜவ்ஸி (மறைவு 1201) கதைசொல்லிகளைப் பற்றித் தனிநூலே எழுதியதும், பின்னாளில் இமாம் சுயூத்தி எச்சரித்ததும் இத்தகையோரை நோக்கித்தான். படைப்போர்கள் நம் தமிழ் இலக்கியச் செல்வம். அவற்றை அச்சிடுக, ஆராய்க, பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்க. வரலாறென்று மட்டும் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்.

ஒரு பழைய செய்தி வழங்குகிறது. பக்தாதின் ரஸாஃபா பள்ளியில் இமாம் அஹ்மது இப்னு ஹம்பலும் யஹ்யா இப்னு மயீனும் தொழுதுவிட்டு அமர்ந்திருந்தபோது, கதைசொல்லி ஒருவன் எழுந்து, அவ்விருவர் பெயரையுமே அறிவிப்புத் தொடரில் வைத்து ஒரு நெடும்பொய்யை ஹதீஸாகச் சொன்னானாம். யஹ்யா அவனை அழைத்து, "நான்தான் யஹ்யா, இவர்தான் அஹ்மது; நாங்கள் இதைக் கேட்டதே இல்லையே" என்றாராம். அவனோ அசையாமல், உலகில் யஹ்யாவும் அஹ்மதும் நீங்கள் இருவர்தாமோ, நான் பதினேழு அஹ்மதுகளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று எள்ளிவிட்டுப் போனானாம். இந்தச் செய்தியின் அறிவிப்புத் தொடரையே ஐயுற்ற அறிஞர்களும் உண்டு என்பது தனி வேடிக்கை. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறதென்று இது காட்டிவிடுகிறது. குற்றம் கற்பனையில் இல்லை, ஸனதில் இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றி அச்சிறுமி பின்னர் சொன்ன ஒன்று என்னைத் தலைகுனிய வைத்தது. முதல் பக்கத்தில், "இவ்வுலகம் சுஜாதாவுடையது. நாங்கள் சேர்த்தது ஏற்காடு மட்டும்" என்று எழுதியிருந்தார்களாம். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும், இது இன்னார் எழுதியது, இன்னாரிடமிருந்து நோட்டை வாங்கியது இன்ன தேதியில் என்று பெயரும் நாளும் குறித்திருந்தார்களாம். மக்தபில் ஹதீஸ் பாடத்தின்போது அறிவிப்பாளர் தொடர் என்றால் என்னவென்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் பாடத்தை வாழ்க்கையில் கைக்கொண்டார்கள். ஆசிரியர் அஸர் அவசரத்தில் ஓரத்தைப் படிக்கவில்லை.

பிறர் பொருள் என்னும் வாதத்திற்கு நீண்ட விடை தேவையில்லை. விற்கவில்லை, தமதென்று உரிமை கொண்டாடவில்லை, உரியவர் பெயரை முதற்பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அச்சேற்றி விலைவைக்கும் நாள் வந்தால் உரியவரின் இசைவு வேண்டும். அது வேறு வழக்கு.

வீண்பொழுது என்பதுதான் சற்றே கனமான குற்றச்சாட்டு. ஓதும் நேரத்தில் எழுதினால் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்கு நோட்டைப் பறிப்பானேன்? தம் காலடி மண் குடையப்படுவதைப் பற்றி ஏழு பிள்ளைகள் கவலைப்பட்டு எழுதியது வீணென்றால், அதே மண்ணைப் பற்றி ஒரு கூட்டத்திலும் வாய் திறவாத பெரியவர்களாகிய நம் பொழுதுக்கு என்ன பெயர்? இந்த மலையின் பழங்குடியினரான மலையாளிகள் (கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்று பொருள் சொல்வர்) காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தார் மலைக்கு ஒருவராகக் குடியேறிய கதையைச் சொல்கிறார்கள். மலைக்கு மலை கதை மாறுகிறது. மாறினாலும் தாம் எவர் மக்கள், எந்த மண்ணினர் என்பதை அவர்கள் அதைச் சொல்லிச் சொல்லியே காத்து வந்திருக்கிறார்கள்.

அந்த அன்பரின் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் மகன் முன்னிலையிலேயே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத் சொன்னதைத்தானே செய்தேன்" என்றார். நோட்டு அன்றிரவே வெந்நீர் அடுப்புக்குப் போயிருந்தது.

இப்போது பிள்ளைகள் நினைவிலிருந்து அதை மீண்டும் எழுதுகிறார்கள். குழியின் விளிம்பில் நின்ற முதியவர் மூன்றாம் பகுதியிலா, ஐந்தாம் பகுதியிலா இறக்கிறார் என்பதில் இருவருக்குள் கருத்து வேறுபாடு, என்னிடம் வந்தார்கள். இரண்டையும் எழுதுங்கள், எவர் நினைவு எதுவென்று ஓரத்தில் பெயர் குறியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.