ரயில் சுற்றிப் போகட்டும்

மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு வயரிங் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் புனே–நாசிக் புது ரயில் பாதை நாராயண்காவ் பக்கம் வராமல் வேறு வழியில் போகும் என்று ரயில்வே சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ஜுன்னர் தாலுகாக்காரரான பழைய சகாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. “எங்கள் தக்காளிக்கும் திராட்சைக்கும் ரயில் வேண்டாமா, அண்ணா? நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காக நாங்கள் ஏன் விட்டுக்கொடுக்கணும்?” என்கிறார். நியாயமான கேள்வி.

ஆனால் நாராயண்காவ் பக்கத்தில்தான் கோடத் கிராமத்தை நடுவில் வைத்து 45 மீட்டர் விட்டத்தில் 30 ஆன்டெனாக்கள் நிற்கின்றன. கொலாபாவிலிருக்கும் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி அது. நம் ஊட்டியில் 1970-இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்த அதே வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்தான் இதற்கும் மூலகர்த்தா.

ஜி.எம்.ஆர்.டி. பிடிக்கும் சங்கதிகளில் என்னைக் கவர்ந்தவை மிகக் குளிர்ந்த குள்ள விண்மீன்கள். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. இவை 2,400-க்கும் கீழே. இந்த மங்கல்களிடம் பெரிய காந்தச் சேட்டை இருக்காது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1999 டிசம்பரில், நம் விஞ்ஞானி சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி எல்.பி. 944-20 என்ற ஒன்றைக் கவனித்தது. பல மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று ஒரு வெடிப்பு. 2001-இல் அதிலிருந்தே, எதிர்பார்த்ததைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவான ரேடியோ அலைகள்!

சூரியனுக்குள் அமைதியான உள்பகுதிக்கும் கொதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவேயுள்ள எல்லைதான் காந்தப்புலத்தின் பிறப்பிடம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இந்தக் குள்ளர்களிடம் அந்த எல்லையே கிடையாது, அடிமுதல் மேல்வரை ஒரே கொதிப்பு. இருந்தும் காந்தப்புலத்தின் வலு, அதற்கான அலகில், ஆயிரக்கணக்கான காஸ். டைனமோ பழகிய எனக்கே இது புரியாத வித்தை. 18 ஒளியாண்டு தள்ளியிருக்கும் எல்.எஸ்.ஆர். ஜே1835 என்ற குள்ள விண்மீன் மூன்று மணி நேரத்துக்குள் தன்னைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதில் 2015-இல் துருவ ஒளியையும், 2023-இல் கதிர்வீச்சு வளையத்தையும் கண்டறிந்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் ஜி.எம்.ஆர்.டி. ஒன்பது குள்ளர்களைத் தேடி நான்கைப் பிடித்தது. இதுவும் அதில் ஒன்று.

நிலவில் ஒரு செல்போன் இருந்தால் அதன் சிக்னலே இந்தக் குள்ளர்களின் சிக்னலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலமாக இருக்கும். அப்படியிருக்க, பக்கத்திலேயே ரயில் ஓடினால்? மின்சார ரயிலின் பேன்டோகிராஃப் கம்பியில் உரசிப் பொறி பறந்தால் எவ்வளவு ரேடியோ இரைச்சல் கிளம்பும் என்பது எங்களுக்குத் தெரியும். ரயிலைத் திருப்பலாம், முப்பது ஆன்டெனாக்களைப் பெயர்த்து நட முடியாது.

ஆனால் நஷ்டம் ஜுன்னர் விவசாயி தலையில் மட்டும் விழக்கூடாது. குளிர்பதனக் கிடங்கும், புதுப் பாதைவரை நல்ல சாலையும் மத்திய அரசு போட்டுத் தரட்டும். சகா அதற்கு மனு எழுதினால் அடுத்த கையெழுத்து என்னுடையது.