சவரக்கத்தியில் இல்லாத பெயர்

கைப்பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்தியை இன்று வீடுகளில் காண்பது அரிது. பழம்பொருள் கடைகளில் துருவேறிக் கிடக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்ட அத்தகைய கத்தியொன்று உங்கள் கைக்கு வருமானால், துருவைத் தேய்க்கத் தொடங்குமுன் சற்று நிதானியுங்கள். அதில் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.

அலகு கைப்பிடியோடு சேரும் கழுத்துப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உற்பத்தியாளரின் முத்திரை அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். 1624-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட கத்தி செய்வோர் கழகம், ஷெஃபீல்டு வட்டாரத்து முத்திரைகளைப் பதிவு செய்து காத்து வந்தது. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் கத்தி. மகுடத்தின் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா அரசியின் காலம். ‘டபிள்யூ’, ‘ஆர்’ என்றிருந்தால் அவருக்கு முன் ஏழே ஆண்டுகள் ஆண்ட நான்காம் வில்லியம். ஊர்ப்பெயருடன் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால், அந்தக் கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் இயற்றிய சட்டத்தின் விளைவு அது. ஒரு நாட்டின் சுங்கச் சட்டம் வேறொரு நாட்டுக் கத்தியின் கழுத்தில் எழுதப்பட்டிருப்பது வேடிக்கைதான்!

சில கத்திகளில் ‘இந்திய எஃகு’ என்ற வாசகத்தையும் காணலாம். இது வெறும் அலங்காரச் சொல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சேலம் உள்ளிட்ட தென்னாட்டுப் பகுதிகளில் மண்மூசையில் உருக்கி எடுத்த எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்று அழைத்தனர். லண்டனில் கத்தியும் அறுவைக் கருவியும் செய்து வந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதுவே மேலானது என்று தம் கடை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். பின்னர் அவர் மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இலும் 1822-இலும் கட்டுரைகள் வெளியிட்டார்.

இத்தனை பெயர்களையும் படித்த பின்பு, அலகைத் தொட்டுச் செய்தவனின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்காது. கழுத்தில் இருப்பது முதலாளியின் பெயர். ஆனால் அலகின் இருபக்கமும் குழிந்திருக்கிறதே, அந்தக் குழிவு சாணை பிடித்தவனின் சக்கரம் விட்டுச் சென்ற தடம். சக்கரம் சிறியதாக இருந்தால் குழிவு ஆழமாகும். சுழலும் மணற்கல்லின் மேல் குனிந்து, கல்தூசியையும் எஃகுத் தூசியையும் மூச்சோடு உள்ளிழுத்தபடி அவன் தீட்டினான். அந்நகர மருத்துவர் ஆர்னால்டு நைட் 1830-இல் ‘சாணைக்காரர் இளைப்பு’ பற்றி எழுதினார். தண்ணீரின்றி முள்கரண்டி தீட்டியவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள் என்கிறது அக்காலக் கணக்கு. ஈரமாகவும் உலர்வாகவும் தீட்டிய சவரக்கத்திச் சாணைக்காரர்களுக்கு ஆயுள் 40 முதல் 45 வரை. இதை எழுதும் எனக்கும் அந்த வயதுதான். வழவழப்பான அந்தக் குழிவில் விரல் வைக்கும்போது இந்த எண்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

உடைமையாளர் விட்ட தடங்களோ வேறு வகையானவை. கல்லில் தீட்டும்போது அலகின் கூர்விளிம்போடு முதுகும் சேர்ந்து தேயும். முதுகு தட்டையாகி அலகு ஒடுங்கியிருந்தால் பல்லாண்டுகள் உழைத்த கத்தி அது. நுனி மட்டும் தேய்ந்திருந்தால் ஒருவர் கையின் வழக்கத்தைக் காண்கிறீர்கள். கொம்புப் பிடியில் ஊசியால் கீறிய பெயரெழுத்துகளும் இருக்கக்கூடும். முதுகில் ‘புதன்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த தனிக் கத்தி கிடைத்தால், கிழமைக்கொன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பெட்டியிலிருந்து பிரிந்து வந்தது அது. மற்ற ஆறும் எந்தெந்த வீடுகளில் கிடக்கின்றனவோ!

விற்பனைக்காகச் சிலர் இத்தகைய கத்திகளை இயந்திரத்தில் கொடுத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள். பளபளப்பு வரும், முத்திரை மங்கும், சாணைக் கோடுகளும் போய்விடும். மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டு மேல் துருவை மட்டும் துடைத்தெடுங்கள். கறுத்த புள்ளிகள் சில அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.